இன்னும் ரெண்டு பாக்கி

செப்டம்பர் 4

வலி: 6.

இன்று முதல் தினமும் வலிக்கு மார்க் போட வேண்டுமாம், பத்துக்கு எத்தனை என்று. பிசியோதெரபி செய்கிற டாக்டரம்மாவின் உத்தரவு. மார்க்கோடு அன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு வரியும் எழுதச் சொல்லியிருக்கிறார். பம்புசெட் உதிரிபாகக் கடையில் பில் எழுதிப் பழகிய கை இது. பார்க்கலாம்.

பெயர் குழந்தைவேல். வயது ஐம்பத்திரண்டு. கோயமுத்தூர், கணபதி. வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது. மலைப்பாதையெல்லாம் ஓடியபோது ஒன்றும் ஆகாத கால், சொந்தக் கடை வாசல்படியில் வழுக்கிக் கிழிந்தது. கேட்பவர்களிடம் பயிற்சியின்போது கிழிந்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் கிழக்குக் கடற்கரையில் நடக்கும் டிரையத்லானுக்கு ஜூலையிலேயே பெயர் கொடுத்திருந்தேன். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஏற்கெனவே இரண்டு டிரையத்லான் முடித்தவன் நான். இரண்டிலும் நீந்தியது நீச்சல் குளத்தில். கடலில் இதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். ஒரு வருடம் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறென்ன எழுத.

செப்டம்பர் 6

வலி: 5.

தமயந்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கடல் போட்டில உங்க இடத்த எம்பேருக்கு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க. மாசக் கடைசி வரைக்கும் மாத்தலாம்னு போட்டிருக்குது. நான் படிச்சுப் பாத்தேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தமயந்தி என் மனைவி. நாற்பத்தேழு வயது. மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. காலை முதல் மாலை வரை நாற்காலிதான். நான் போகிற போட்டிக்கெல்லாம் துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வருவாள். எங்கள் ஓட்டக் குழுவில் அவளை எல்லாருக்கும் தெரியும். 'குழந்தைவேல் வீட்டுக்காரம்மா' என்றுதான் எண்ணைப் பதிந்து வைத்திருப்பார்கள்.

"உனக்கெதுக்குப் புள்ள இந்த வேல?"

"எம்பட பொழப்புல தொட்டதெல்லாம் பாதியிலயே நிக்குதுங்க. பி.காம். ரெண்டாம் வருசத்தோட நின்னுது. இந்தி நாலாவது பரீட்சையோட நின்னுது. ஒண்ணையாச்சும் நானே ஆரம்பிச்சு, நானே கடைசி வரைக்கும் முடிக்கோணும். அதுதானுங்க."

இது என் பெயர் வீணாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூச்சப்படுகிறாள். பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். பயிற்சியாளர் நான்தான் என்று சொல்லியும்விட்டேன். சரிங்க என்றாள்.

செப்டம்பர் 15

வலி: 6.

என் சைக்கிளை இன்று முதன்முதலாகச் சாலையில் எடுத்தாள். சீட்டை இரண்டு விரல் இறக்கினோம். எனக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி சைக்கிளில் ஷூ பெடலோடு மாட்டிக்கொள்ளும். நிற்பதற்கு முன்னால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டும். பத்து தடவை சொல்லியிருந்தேன். நான் பின்னால் ஆட்டோவில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "கியரைக் குறை! முதுகை வளைக்காதே!" என்று சொல்லிக்கொண்டே போனேன். சின்னியம்பாளையம் பக்கம் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. சைக்கிள் நின்றது. ஷூ கழலவில்லை. அப்படியே பக்கவாட்டில், அரிசி மூட்டை சாய்கிற மாதிரி நிதானமாகச் சாய்ந்தாள். பக்கத்தில் ஒரு பஸ். பஸ் முழுக்க ஜனம் ஜன்னல் வழியே பார்க்கிறது.

நான் நொண்டி இறங்குவதற்குள் எழுந்துவிட்டாள். முழங்கையில் ரத்தம். பஸ்காரர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்க, பழகறேன்" என்றாள். பச்சை விழுந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணா, அக்கா நல்லாத்தானுங்க ஓட்டறாங்க. நீங்க கத்துனா எனக்கே கை நடுங்குது" என்றார். நாளையிலிருந்து வேறு ஆட்டோ.

செப்டம்பர் 29

வலி: 5.

ஓட்டத்துக்கு ஒரு அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். எந்த நாள் எவ்வளவு வேகம், நாடித் துடிப்பு எவ்வளவு, எல்லாம். தமயந்தி அதை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போகிறாள்.

அவளுடைய வழி கிரைண்டர். சாயங்காலம் உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடப் போகிறாள். உளுந்து பொங்கி வருவதற்குள் திரும்பிவந்து, மாவை எடுத்துவிட்டு, அரிசியைப் போட்டுத் திரும்ப ஓடுகிறாள். அரிசி கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால் அது நீள ஓட்டம். முதல் வாரம் உளுந்து ஆகிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தாள், மாவு சூடாகிவிட்டது, இட்லி கல்லு. இந்த வாரம் சரியாக வந்து நிற்கிறாள்.

"நாடித் துடிப்பு பாத்தியா?" என்று கேட்டேன்.

"மாவு பாத்தனுங்க. நல்லா வந்திருக்குது."

நான் பல வருடம் ஓடியிருக்கிறேன். கையில் கடிகாரம் இல்லாமல் ஓடியதில்லை. இவள் வீட்டுக்குள் ஒரு கல் சுற்றுவதை மனதிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிறாள். நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 3

இட்லி நன்றாக இருந்தது.

அக்டோபர் 13

வலி: 4.

தமயந்தியின் பயிற்சிக்கு நினைத்திருந்த நீச்சல் குளத்தைப் பராமரிப்புக்காக மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனவே அன்னூர்ப் பக்கம் தமயந்தியின் அண்ணன் நாச்சிமுத்து தோட்டத்துக் கிணற்றுக்குப் போனோம். பெரிய வட்டக் கிணறு. இந்த வருட மழைக்கு முக்கால் கிணறு தண்ணீர்.

படியில் இறங்குவாள் என்று நினைத்தேன். மேட்டிலிருந்து ஓடிவந்து குதித்தாள். "தமயா!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி இருபத்திநாலு வருடத்தில் இவளுக்கு இப்படிக் குதிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மச்சான் பம்பு ரூம் நிழலில் நின்று சிரித்தார்.

"என்ன மாப்ள, பயந்துட்டீங்களா? அம்மிணி எட்டு வயசுலயே இந்தக் கெணத்துல விழுந்து எந்திரிச்சவ."

தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துகிறாள். கிணற்றுப் பழக்கம். "தலையை உள்ள வை, பக்கவாட்டுல மூச்சு விடு" என்று படியில் உட்கார்ந்து கத்தினேன். மச்சான், "கெணத்துக்குள்ள ஸ்பீக்கர் கட்டுனதாட்ட இருக்குதுங்க" என்றார். சுவரை ஒட்டிச் சுற்றுகிறாள், எப்போதும் இடப்பக்கமாகவே திரும்பி. ஏன் என்று கேட்டேன்.

"சின்னதுலருந்து அப்படித்தானுங்க. ஒரே நேரத்துல பத்துப் பேர் குதிப்போம். எல்லாரும் ஒரே பக்கமாச் சுத்தினாத்தான் முட்டிக்க மாட்டோம்."

களைத்தால் சுவரில் ஒரு கை வைத்துக்கொள்கிறாள், பிறகு போகிறாள். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கேதான்.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. கறிக்குழம்பு. இன்று காலை அவள் ஓடப் போனாள். நான் படுத்திருந்தேன்.

நவம்பர் 17

வலி: 8.

அவிநாசி சாலையில் இருபது கிலோமீட்டரை முழுதாக ஓட்டி முடித்தாள். என்னுடைய சிறந்த நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவு. இன்று எதிர்காற்று இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். ஞாயிறு என்பதால் லாரிகளும் குறைவு. செயினுக்கு நான்தான் எண்ணெய் விட்டிருந்தேன்.

மதியம் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, வலி திடீரென்று கூடியிருக்கிறது, ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்றார். ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

நவம்பர் 18

வலி: 3. விசித்திரமான கால்.

டிசம்பர் 8

வலி: 4.

தமயந்தி கேட்டாள்: "ஏனுங்க, ஒரு தடவ கடலுக்குப் போயி நீந்திப் பாத்துட்டு வந்தா என்னுங்க? சனிக்கெழம போயிட்டு ஞாயித்துக்கெழம திரும்பிரலாம்."

கடையில் சரக்கு எடுப்பு நேரம். பொங்கலுக்கு முன்னால் விவசாயிகள் மோட்டார் பார்க்க வருவார்கள். ஆயிரம் கிலோமீட்டர் போய்வர இப்போது முடியாது என்றேன். "தண்ணி எல்லாம் ஒண்ணுதான் தமயா. ஆழக் கெணத்துல நீந்தறவளுக்குக் கடல் ஒரு விசயமா? உப்பு இருக்கறதால மெதக்கறது இன்னும் சுலபம்" என்றும் சொன்னேன். கூடவே ஒரு விதியையும் சொல்லிவைத்தேன். கடலில் காவலுக்குப் படகுகள் நிற்கும், அதைத் தொட்டால் அவ்வளவுதான், போட்டியிலிருந்து வெளியே. அதனால் படகு பக்கமே பார்க்காதே என்று.

"நீங்க கடல்ல நீந்தியிருக்கறீங்களா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

படித்திருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 22

வலி: 2.

கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். வாசலில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. பின்சக்கரம் தனியாகக் கிடக்கிறது. தமயந்தி நைட்டியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து டியூப் மாற்றிக்கொண்டிருக்கிறாள். கை முழுக்கக் கறுப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எதுக்கு இருக்கறேன்? எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

"நீங்க இருக்கறீங்க. நடுரோட்டுல இருக்க மாட்டீங்களே."

டயரைப் பொருத்தும்போது அதன் விளிம்பில் கடைசிப் பிடி ரிம்முக்குள் போகவில்லை. என் கை தானாக நீண்டது. அதை முழங்கையால் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினாள். 'டப்' என்று விழுந்தது. மோட்டார் மெக்கானிக்குகளை வருடக்கணக்காகப் பார்க்கிறவன் நான். சுத்தமான வேலை. அதைச் சொல்லியிருக்கலாம். "சோப்பு போட்டுக் கழுவு" என்றேன்.

ஜனவரி 15

மாட்டுப்பொங்கல். மச்சான் தோட்டம். மாடுகளைக் குளிப்பாட்டி, பட்டியில் பொங்கல் வைத்தோம். எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் தமயந்தி கிணற்றில் இறங்கினாள். நான் மட்டும் படியில்.

சுற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூடச் சுவரில் கை வைக்கவில்லை. முக்கால் கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது தாண்டிய பிறகும் சொல்லாமல் விட்டேன். அவள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நன்றாக இருந்தது. அக்டோபரில் இரண்டு சுற்றுக்கு மூச்சு வாங்கியவள். இப்போது தோளும் கையும் வேறு மாதிரி ஆகிவிட்டன.

மேலே வந்து, "போதுமுங்களா?" என்று கேட்டாள்.

"எப்பவோ போதும்" என்றேன்.

பிப்ரவரி 1

என் கால் இன்னும் பிரேக்கை அழுத்த லாயக்கில்லை. எனவே ஐந்நூறு கிலோமீட்டரும் அவள்தான் கார் ஓட்டினாள். பின்சீட்டில் சக்கரம் கழற்றிய சைக்கிள். சேலம் வரைக்கும் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ரேடியோவைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் போட்டியாளர்களுக்கு விதிகளை விளக்கினார்கள். நீச்சலை முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வெளியாள் யாரும் எந்த உதவியும் செய்யக் கூடாது. தண்ணீர் கொடுத்தாலும், சைக்கிளைத் தொட்டாலும் போட்டியாளர் வெளியே. பிறகு அந்த அதிகாரி சொன்னார்: "கடல்ல களைச்சுப் போனா காவல் படகைப் பிடிச்சுக்கிட்டு ஓய்வெடுக்கலாம். தப்பே இல்லை. படகு உங்களை முன்னால இழுத்துட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

தமயந்தி மெதுவாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் கடலுக்குப் போய் முழங்கால் ஆழத்தில் நின்றாள். ரொம்ப நேரம் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குச் செவுரே இல்லீங்களே" என்றாள்.

பிப்ரவரி 2

விடுதிக்கு வந்து அவள் தூங்கிவிட்டாள். நான் எழுதுகிறேன். விட்டுப்போகாமல் எழுத வேண்டும்.

காலையில் கடல் அமைதியாகத்தான் இருந்தது. பெண்களுக்கு மஞ்சள் தொப்பி. தண்ணீரில் மூன்று பெரிய ஆரஞ்சு மிதவைகள், முக்கோணமாக. சுற்றிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். ஊதல் ஊதியதும் எல்லாரும் ஓடி விழுந்தார்கள். தமயந்தி கடைசியாக இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் கூட்டம் மொத்தமும் மிதவையை நோக்கிப் போகிறது, ஒரே ஒரு மஞ்சள் மட்டும் தனக்கு வேறு வேலை இருப்பதுபோல இடப்பக்கமாக ஒதுங்கிப் போகிறது. அது அவள்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. காரணமும் அப்போதே தெரிந்தது. கிணற்றில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் பழகிய உடம்பு. அங்கே சுவர் இருந்தது. இங்கே அவள் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறாள். ஒரு தடவை கடலுக்குக் கூட்டிவந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"வலது! வலது பக்கம்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் பெண், "சார், இங்கேர்ந்து கத்தினா அவங்களுக்குக் கேக்காது சார். கயித்துக்குப் பின்னாடி வாங்க" என்றாள்.

ஒரு காவல் படகு அவளை நோக்கிப் போனது. படகுக்காரர் துடுப்பால் திசையைக் காட்டினார். தமயந்தி இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தலை மட்டும் தெரிகிறது. பிடித்தவள் பிடித்தபடியே இருக்கிறாள். மற்றவர்கள் இரண்டாவது மிதவையைத் தாண்டிவிட்டார்கள். 'ஏறிவிடு தமயா, போதும்' என்று ஒரு மனது சொன்னது. 'ஏறிவிடாதே' என்று இன்னொரு மனது சொன்னது. இரண்டையும் நான்தான் நினைத்தேன்.

விட்டாள்.

பத்துப் பதினைந்து கை போட்டாள். திரும்பவும் இடப்பக்கம். படகு வந்தது, பிடித்தாள், தலையைத் தூக்கி மிதவையைப் பார்த்தாள், விட்டாள். இப்போது நாலு கைக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மிதவையைப் பார்க்கிறாள், தலையைத் தூக்காதே என்று நான் நாலு மாதம் கத்தியதை எல்லாம் கடலில் விட்டுவிட்டு. அதற்குப் பிறகு நேராகத்தான் போனாள். மெதுவாக, ஆனால் நேராக. களைத்தபோதெல்லாம் படகைப் பிடித்தாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் விட்டாள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் உட்கார்ந்துகொண்டு படகைப் பார்க்காதே என்று சொல்வது சுலபம். நடுக்கடலில் பிடித்த பிடியை விடுவதற்கு எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

அவள் கரையில் கால் ஊன்றியபோது முப்பத்தைந்து நிமிடம் தாண்டிப் போயிருந்தது. நடுவர்களில் ஒரு அம்மா குனிந்து அவள் கணுக்காலில் கட்டியிருந்த நேரம் பதியும் பட்டையைக் கழற்றினார்கள்.

"சாரி மேடம். நேரம் முடிஞ்சுடுச்சு. நீங்க இதுக்கு மேல போட்டியில இல்ல."

தமயந்திக்கு மூச்சு வாங்கியது. உதடு உப்பில் வெளுத்திருந்தது. நான் அழத் தயாராக இருந்தேன். அவள் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் படகுல ஏறி வந்தனுங்களா, நீந்தி வந்தனுங்களா?"

"நீந்தித்தான் மேடம் வந்தீங்க. முழுசா."

"அப்பக் கடல் முடிஞ்சுதுங்க. இன்னும் ரெண்டு பாக்கி."

அந்த அம்மா சாலைப் பக்கம் கையைக் காட்டினார்கள். போட்டி முடிந்ததும் பத்து மணிக்குச் சாலையைத் திறந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அது பொதுச் சாலை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் கணக்கில் சேராது என்றார்கள்.

"பரவால்லீங்க" என்றாள்.

பத்து மணி வரைக்கும் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். எள்ளுருண்டை தின்றாள். எதிரே போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக முடித்து மெடல் வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் கை தட்டினாள்.

"என் தப்புதான் தமயா. டிசம்பர்லயே உன்னக் கூட்டிட்டு வந்திருக்கோணும்" என்றேன்.

"ஆமாங்க. வந்திருக்கோணும்" என்றாள்.

அதெல்லாம் இல்லீங்க என்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் சொன்னதுதான் சரி.

சாலை திறந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் போட்ட பிறகுதான் சைக்கிளைத் தொட்டாள். அது போட்டி விதி. ஐந்து கிலோமீட்டர் கொண்ட பாதை, நாலு சுற்று. இரண்டு சுற்று என்னைத் தாண்டிப் போனாள். பக்கத்தில் காரும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. மூன்றாவது சுற்றுக்கு வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே சாலையோரம் நடந்தேன். ஒரு மீன் கடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். செயின் கழன்று சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் போய்ச் சிக்கியிருந்தது. இந்தச் சைக்கிளில் அப்படி ஆகும். எந்த இடத்தில் எப்படிப் பிடித்து இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். குனிந்தேன்.

"தொடாதீங்க."

"போட்டியே முடிஞ்சுது புள்ள. பட்டையக் கழட்டிட்டாங்க. இப்ப யாரு பாக்கறா?"

"நான் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றாள்.

எட்டிப்போய் நின்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் தவறான பக்கம் இழுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். மீன்காரம்மா என்னைப் பார்த்து, "இன்னாய்யா, பொம்பள கஷ்டப்படுது, நீ வேடிக்க பாத்துனு நிக்கிற?" என்று திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். தமயந்தி நிறுத்தினாள். சக்கரத்தைத் தளர்த்தினாள், பின்பக்கமிருந்து தள்ளினாள், செயின் விடுபட்டது. பல்லில் ஏற்றினாள். கறுப்புக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஐந்து மாதம் சொல்லிக்கொடுத்ததைவிட, தொடாமல் நின்ற அந்த நேரம்தான் நான் அவளுக்குச் செய்த ஒரே உதவி என்று நினைக்கிறேன்.

ஓட ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. வழியில் தண்ணீர் வைத்திருந்த மேசைகளை எடுத்துவிட்டார்கள். சைக்கிளில் இருந்த தன் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். என் கையிலும் ஒரு பாட்டில் இருந்தது, குளிர்ந்த தண்ணீர். பாதி வழியில் என்னைத் தாண்டும்போது நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் பாட்டில் காலி என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி லாரியில் ஏறிவிட்டது. காலையில் என்னைக் கயிற்றுக்குப் பின்னால் போகச் சொன்ன தன்னார்வலர் பெண் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் தமயந்தி வருவதைக் காட்டினேன். "அவங்களா? இன்னும் ஓடறாங்களா?" என்று குப்பைப் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒன்று. ஆனால் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வளைவு இருந்த இடத்தில் மணலில் இரண்டு பள்ளம்தான் இருந்தது. அதற்கு நடுவில் ஓடிவந்து, தாண்டி, நின்றாள். முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். நான் கிட்டே போகாமல் நின்றேன். போகலாமா என்று தெரியவில்லை.

நிமிர்ந்து கையை நீட்டினாள்.

"இப்பக் குடுங்க" என்றாள்.

பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள். இவளைக் கட்டிக்கொண்டதற்காக எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததே இல்லை. அதை அங்கேயே, அந்தப் பெண் கேட்கும்படி, வாய்விட்டுச் சொன்னேன். "செரிங்க, வெயில் அடிக்குது" என்றாள்.

பிப்ரவரி 4

கடை திறந்தேன். வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மோட்டாருக்குப் பேரிங் வாங்க வந்த ஒரு பெரியவர் முழுவதையும் நின்று கேட்டார்.

"அப்பறம், அம்மிணி எத்தனாவதா வந்தாங்க?"

வெளியே அனுப்பிவிட்டார்கள், கணக்கில் சேரவில்லை என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அது சரியான பதிலாகப் படவில்லை.

"எல்லாரும் போனதுக்கப்பறம் அவ ஒருத்திதானுங்க வந்தா" என்றேன்.

பெரியவர் பேரிங்கைப் பையில் போட்டுக்கொண்டு, அவங்க பேர் என்ன என்று கேட்டார். தமயந்தி என்று சொன்னேன்.